அண்ணையின் கராஜ் கதவும் அப்பாவின் கிணறும்

ஸ்பிரிங் அறுந்தபோது நான் குசினியில் இடியப்பத்துக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தேன். டமார் என்று ஒரு சத்தம். மாப் பிடித்த கையோடு அப்படியே அடுப்படியில் குந்திவிட்டேன். யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரருக்கு இது மாறாத வியாதி. இப்படி ஒரு சத்தம் கேட்டால் உடம்பு முதலில் நிலத்தைத் தேடும், என்ன ஏதென்று மூளை பிறகுதான் விசாரிக்கும். பக்கத்து வீட்டுக்காரரும் முற்றம் கூட்டிய விளக்குமாற்றோடு மதிலோரம் படுத்துவிட்டாராம். பிறகு அவரே சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கணவர் கராஜுக்குள் இருந்தார்.

பாரிசவாதம் வந்து இவருடைய வலப்பக்கம் விழுந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கிழமைக்கு இரண்டு தரம் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கை கால் பயிற்சிக்காகக் கூட்டிக்கொண்டு போவேன். அன்றும் வெளிக்கிட்டு, தோய்த்து மடித்த சட்டை போட்டு, சக்கர நாற்காலியில் கராஜ் கதவுக்கு முன்னால் போய்க் காத்துக்கொண்டிருந்தார். கதவைத் திறக்கிற றிமோட் எப்போதும் இவருடைய இடது கையில்தான். குளிப்பதற்கும் உடுப்பதற்கும் ஆள் வேண்டியிருந்த மனிதருக்கு அந்தப் பொத்தானை அழுத்துவது ஒன்றுதான் சொந்த வேலையாக மிஞ்சியிருந்தது. அழுத்தினார். கதவு இடுப்பளவுக்கு எழும்பியது. ஸ்பிரிங் அறுந்தது. கதவு விழுந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது கதவின் விளிம்புக்கும் இவருடைய கால் பெருவிரலுக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. வெளியே ஓட்டோக்காரர் ஒன்றும் விளங்காமல் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றார்.

கோபம் ஆறின பிறகு இதை எழுதலாம் என்று இருந்தேன். அது ஆறுகிற மாதிரித் தெரியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

எங்கள் வீடு தொண்டைமானாற்றுப் பக்கம், கடலுக்குக் கிட்ட இருக்கிறது. காணி எனக்கு அப்பா தந்த சீதனம். அதில் இருந்த பழைய வீடு சண்டைக் காலத்தில் இடிந்துபோனது. நாங்கள் ஊர் ஊராக அலைந்து திரும்பி வந்து தகரக் கொட்டிலில் இருந்தபோது, கனடாவில் இருக்கும் என் அண்ணை "நான் கட்டித் தாறன்" என்றார். கட்டியும் தந்தார். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. நன்றி எனக்கு நிறைய இருந்தது. நன்றி இருந்தபடியால்தான் வாய் இல்லாமல் போனது. அண்ணை கட்டின வீடு என்று ஊர் சொன்னது, அண்ணையும் சொன்னார், கடைசியில் நானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன். எங்கள் சொந்தக் காணியில் நானும் இவரும் அண்ணையின் வீட்டுக்குக் காவல்காரர் ஆனோம்.

வீட்டுப் படத்தைக் கீறியவரும் அண்ணைதான். முன்பக்கம் கிரனைட் பதித்த உயரமான படிக்கட்டு. வெள்ளம் ஏறாமல் இருக்க உயரம் வேண்டுமாம், பார்க்கிறவர்களுக்குக் கிரனைட் வேண்டுமாம். பின்பக்கமும் படிதான். பக்கவாட்டில் ஒரு கராஜ். கனடாவில் அவருடைய வீட்டில் இருக்கிற மாதிரியே, நாலைந்து துண்டாக மடிந்து கூரைக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்கிற கதவு. அதைப் பெட்டி கட்டிக் கப்பலில் அனுப்பினார். எங்களிடம் கார் இல்லை. இவருடைய பழைய மோட்டார் சைக்கிள் மட்டும் அந்தப் பெரிய கராஜின் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றது.

"நான் பென்சன் எடுத்துக்கொண்டு வந்தாப் பிறகு அதுக்குள்ளை என்ரை கார் நிக்கும்" என்றார் அண்ணை. வராத காருக்காக ஒரு கதவு. சரி, அவருடைய ஆசை என்று விட்டுவிட்டோம்.

இவர் விழுந்து, ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியோடு வந்த அன்றுதான் வீட்டின் இலட்சணம் எங்களுக்கு விளங்கியது. முன்னாலும் படி, பின்னாலும் படி. சாமான் இறக்க வசதியாக வீட்டுக்கும் கராஜுக்கும் நடுவில் மட்டும் ஒரு சரிவு போட்டிருந்தார்கள். அந்தச் சரிவால் கராஜுக்குள் இறங்கி, கராஜ் கதவால் தெருவுக்குப் போனால்தான் உண்டு. அண்ணையின் காருக்கு வைத்த வழி என் கணவருக்கு ஒரே வழியாகிவிட்டது.

அந்தக் கதவின் உயிர் அதன் ஸ்பிரிங்கில் இருக்கிறது. கதவுக்கு மேலே, ஒரு நீண்ட தண்டில் சுற்றினபடி இருக்கும். கதவைத் தூக்குவது மோட்டர் என்றுதான் எல்லோரும் நினைப்போம். மோட்டர் சும்மா இழுக்கிறது, பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். அது நல்லாக இருந்தால் ஒரு கையால் கதவைத் தூக்கலாம். அது போய்விட்டால் நாலு ஆம்பிளைகள் மூச்சுப் பிடிக்க வேண்டும். சரி, அது இரும்பு. எங்களுடைய காற்றோ உப்புக் காற்று. கடற்கரையில் இரும்பு படுகிற பாடு இங்கே பிறந்த எவருக்கும் தெரியும். யன்னல் கம்பி, சைக்கிள் செயின், தையல் மெசின், குடைக்கம்பி, எதை விட்டது இந்தத் துருக் கறள். ஈரம் படாமல் துடைப்போம், கிறீஸோ எண்ணெயோ பூசுவோம், அடிக்கடி பார்த்துக்கொள்வோம். இதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம்.

ஆனால் அண்ணைக்கு வேறு முறை தெரிந்திருந்தது. கராஜுக்குள் ஒரு கமரா பூட்டி, கனடாவிலிருந்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் வீடியோவில் அழைத்தார்.

"தங்கச்சி, ஒவ்வொரு சனியும் உந்த ஸ்பிரிங்குக்குப் பைப்பாலை தண்ணி அடிச்சுக் கழுவோணும். உப்பு அதிலை தங்கக்கூடாது."

"அண்ணை, எங்கடை கிணத்துத் தண்ணி சவர். அதாலை கழுவினா உப்புக்கு மேலை உப்புத்தான்."

"ஆர் சொன்னது சவர் எண்டு?"

"ஆரும் சொல்லத் தேவையில்லை. வாயிலை வைச்சாத் தெரியும்."

அண்ணையின் முகம் மாறியது.

"அது அப்பா வெட்டின கிணறு. அயலட்டை முழுக்கக் குடத்தோடை வந்து நிண்ட கிணறு. அதைச் சவர் எண்டு சொல்ல உனக்கு எப்பிடி மனம் வருது?"

இதுதான் அண்ணை. அவர் இளந்தாரியாக இந்த ஊரை விட்டுப் போனபோது அந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர் இருந்தது உண்மைதான். அயலார் வந்து அள்ளினதும் உண்மைதான். அவர் போன பிறகு எத்தனை மாறிவிட்டது. வீட்டுக்கு வீடு மோட்டர் வந்தது, தோட்டத்துக்குத் தோட்டம் குழாய்க்கிணறு வந்தது, இறைத்த இறைப்பில் கடல் கீழால் உள்ளே வந்துவிட்டது. நாங்கள் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் கோயில் பக்கத்துப் பொதுக் கிணற்றிலிருந்து கானில் தண்ணீர் கொண்டுவருகிறோம். எங்கள் கிணறு குளிக்கவும் கோப்பை கழுவவும் மட்டும்தான். சவர்க்காரம் நுரைக்காது, தலைமயிர் சிக்குப்பிடிக்கும், பாத்திரம் காய்ந்தால் வெள்ளையாய்ப் படியும். இதையெல்லாம் சொன்னேன். அண்ணைக்குக் காது அடைத்துவிட்டது. அவருடைய கிணறு அவர் பிளேன் ஏறின நாளில் அப்படியே நிற்கிறது. அதில் இன்றைக்கும் இனிப்புத் தண்ணீர்தான்.

"நான் கிறீஸ் பூசிவிடுறன் அண்ணை" என்று கேட்டுப் பார்த்தேன்.

"கிறீஸ் பூசினா மணல் ஒட்டும், அசிங்கமாக் கிடக்கும். கனடாவிலை பனிக்காலம் முழுக்க றோட்டிலை உப்புத்தான் கொட்டுறவை. காரிலை, கதவிலை எல்லாம் உப்பு. நாங்கள் தண்ணி அடிச்சுக் கழுவித்தான் வைச்சிருக்கிறம். உப்பைப் பற்றி நீ எனக்குப் படிப்பிக்காதை."

கடல் கூப்பிடு தூரத்தில் இரைகிறது. இராத்திரி முழுக்க அதன் காற்றைத்தான் மூச்சாக இழுக்கிறோம். உப்பைப் பற்றி எங்களுக்குத் தெரியாதாம். அதுவும் நான் யார்? வருடக்கணக்காக விஞ்ஞானம் படிப்பித்த ரீச்சர். ஒரு போத்தலில் வெறும் ஆணி, ஒன்றில் தண்ணீரில் ஆணி, இன்னொன்றில் உப்புத் தண்ணீரில் ஆணி என்று வைத்து, எது முதலில் கறள் பிடிக்கிறது பாருங்கோ பிள்ளையள் என்று ஒவ்வொரு வகுப்புக்கும் காட்டினவள். பென்சன் எடுத்த பிறகு அதே பரிசோதனையை ஒரு முழு ஸ்பிரிங்கை வைத்துச் செய்யச் சொன்னார் அண்ணை. சனிக்கிழமை காலையில் நான் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மேலே கமராவின் சிவப்பு வெளிச்சம் எரியும். ஒரு சனி தவறினால் போன் அடிக்கும்.

ஒருமுறை எனக்குப் பொறுக்கவில்லை. குடிக்கிற தண்ணீரில் ஒரு கானை எடுத்து, கதிரையில் ஏறி, கோப்பையால் அள்ளி ஸ்பிரிங்கில் ஊற்றித் துணியால் துடைத்தேன். உடனே அழைப்பு வந்தது.

"என்ன தெளிக்கிறாய், பூசையோ? பைப்பாலை வடிவா அடி."

அடித்தேன். வீடு அவருடையது என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. எத்தனை தரம் சொன்னாலும் கேளாத மனிதரோடு ஒவ்வொரு சனியும் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. இவரைத் தூக்கி நிறுத்தவே என் தெம்பு போய்க்கொண்டிருந்தது.

ஸ்பிரிங்கில் முதலில் மஞ்சளாய் ஒரு பூச்சு வந்தது. பிறகு செம்மண் நிறமானது. பிறகு சுற்றுகளுக்கு இடையில் செதில் செதிலாக உரிந்து விழத் தொடங்கியது. கதவு திறக்கும்போது நறநறவென்று ஒரு சத்தம். இவர் றிமோட்டை அழுத்திவிட்டு மேலே பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். போனை மேலே பிடித்து அண்ணைக்குக் காட்டினேன்.

"பாத்தீங்களே அண்ணை, கறள். இது தாங்காது. இவர் உதுக்குக் கீழாலைதான் போய்வாறார்."

அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நல்லாகப் பார்த்தார்.

"கழுவினது காணாது. கிழமைக்கு ரெண்டு தரம் கழுவு" என்றார்.

அந்த மாதமே அறுந்தது.

அறுந்த வேகத்தில் கதவைத் தூக்குகிற ஒரு பக்கத்துக் கம்பிக் கயிறு கழன்று, கதவு சரிந்து, அது ஓடுகிற தண்டவாளத்தில் இறுகிவிட்டது. அசையவே இல்லை. ஓட்டோக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு இவரை நாற்காலியோடு தூக்கி முன்படியால் இறக்கினார்கள். அவர்கள் நல்ல மனிதர்கள், முகம் சுளிக்கவில்லை. ஆனால் இவர் ஒரு காலத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் மனேஜராக இருந்தவர். வெள்ளைச் சேட்டும் மடிப்புக் கலையாத காற்சட்டையுமாக ஊரில் நடந்தவர். நாற்காலி ஒரு பக்கம் சரிந்தபோது செருப்பு கழன்று படியில் உருண்டது. தெருவில் போன சனம் நின்று பார்த்தது. இவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். திரும்பி வந்ததும் அதே மாதிரித்தான்.

அடுத்த தரம் போவதற்குச் சட்டையை எடுத்துக்கொண்டு போனேன். பாரிசவாதத்துக்குப் பிறகு இவருக்குச் சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வரும்.

"வேண்டாம்" என்றார்.

"பயிற்சிக்குப் போகோணும் இஞ்சாருங்கோ. கை திரும்பி வந்துகொண்டிருக்கு."

"தூக்க... வேண்டாம்."

சட்டையை மடித்துத் திரும்ப வைத்தேன். ஆஸ்பத்திரியில் பயிற்சி தருகிற பிள்ளை முதல் நாளே சொல்லியிருந்தாள், "இந்த மாசங்கள்தான் அன்ரி முக்கியம், இதுக்குள்ளை வாறதுதான் வரும், விட்டிடாதேங்கோ" என்று. இவருடைய வலது கை விரல்கள் அப்போதுதான் விரியத் தொடங்கியிருந்தன. ஒரு ரெனிஸ் பந்தைப் பிடித்து விடுகிற அளவுக்கு வந்திருந்தார். அதைத்தான் நான் அண்ணையிடம் சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"சாவகச்சேரியிலை வேலை தெரிஞ்ச ஒருத்தர் இருக்கிறார் அண்ணை. உந்தக் கதவைக் கழட்டிப்போட்டுச் சாதாரண ரெண்டு கதவு போட்டுவிடுறாராம்."

"கதவிலை ஒருத்தரும் கை வைக்கவேண்டாம். அது வெளிநாட்டுச் சாமான். நான் சந்நிதிக் கோயில் திருவிழாவுக்கு வரேக்கை ஸ்பிரிங் கொண்டு வாறன்."

"அதுக்கு இன்னும் எத்தினை மாசம் கிடக்குது. இவர் எப்பிடி வெளியிலை போறது?"

"வீட்டுக்குள்ளை இருக்கட்டுமன். வருத்தக்காரருக்கு ஓய்வுதான் நல்லது."

"அப்ப முன்படியிலை சீமெந்தாலை ஒரு சரிவு போடுறன்."

"உனக்கென்ன விசரோ? அந்தக் கிரனைட் எங்கையிருந்து எடுப்பிச்சது தெரியுமோ? வீட்டின்ரை வடிவே அந்தப் படிதான்."

வடிவு. அந்தச் சொல்லை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உச்சி கொதிக்கிறது. யாருக்கு வடிவு? தெருவால் போகிறவர்களுக்கா? வருடத்தில் ஒருதரம் வந்து முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறவருக்கா? உள்ளே ஒரு மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார், வெளியே படி மினுங்குகிறது. அந்தப் படியை நானே கூட்டித் துடைத்து மினுக்கிக்கொண்டும் இருந்தேன்.

வீட்டில் நான் பயிற்சி செய்வித்தேன். ஆஸ்பத்திரியில் பார்த்ததை ஞாபகம் வைத்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து விரித்தேன். அந்தப் பிள்ளையின் கைக்குத் தெரிந்தது என் கைக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு கிழமையும் விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே மடிந்தன. ஆஸ்பத்திரி நாட்களில் மட்டும் இவர் தானாகக் கராஜுக்குள் போவார். இடது கையால் சில்லைத் தள்ளி, இடது காலால் நிலத்தை உந்தி, சரிந்து கிடக்கிற கதவுக்கு முன்னால் போய் இருப்பார். மடியில் றிமோட் கிடக்கும். அழுத்தமாட்டார். கதவுக்குக் கீழே இருந்த வெடிப்பால் கொஞ்சம் வெயில் உள்ளே வரும், அதைப் பார்த்துக்கொண்டு இருப்பார். எனக்கு அதைப் பார்க்க ஏலாது. உள்ளே போய்க் குசினியில் நின்று அழுவேன்.

இந்த நிலையில் ஒரு சனிக்கிழமை போன் வருகிறது.

"ஸ்பிரிங் அறுந்தா என்ன, மிச்சச் சாமானுகளும் கறள் பிடிக்கும். தண்ணி அடிக்கிறதை விட்டிடாதை."

அன்றைக்கு நான் ஒரு ஈரத் துவாயை எடுத்துக்கொண்டு போய்க் கமராவுக்கு மேலே போட்டேன். பிறகு கேட்டபோது கமரா பழுதாகிவிட்டது என்றேன். கவலையே இல்லாமல் சொன்னேன்.

திருவிழாவுக்கு அண்ணை தனியாகத்தான் வந்தார். அண்ணிக்கு லீவு இல்லையாம். சூட்கேசைத் திறந்து, உடுப்புகளுக்கு நடுவில் பிள்ளையைத் தூக்குவதுபோல ஸ்பிரிங்கைத் தூக்கி எடுத்தார். சாவகச்சேரி ஆள் வந்து பூட்டினார். அண்ணை கீழே அரைக்காற்சட்டையோடு நின்று, அப்பிடிப் பிடி, இப்பிடித் திருப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார். பழைய ஸ்பிரிங்கின் இரண்டு துண்டும் நிலத்தில் கிடந்தன. அண்ணை ஒன்றைக் காலால் புரட்டிப் பார்த்தார். செதில் உதிர்ந்தது.

"பார், நீ ஒழுங்காக் கழுவேல்லை" என்றார்.

நான் இரண்டு துண்டையும் பொறுக்கிச் சுவரோரம் வைத்தேன். வாயைத் திறந்திருந்தால் என்ன வந்திருக்குமோ தெரியாது. அவர் பைப்பைத் திறந்து, புத்தம் புதுசாக மினுங்கிக்கொண்டிருந்த ஸ்பிரிங்குக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பீச்சி அடிக்கத் தொடங்கினார். "இப்பிடித்தான், விளங்குதோ, இப்பிடித்தான் அடிக்கோணும்" என்று எனக்குப் பாடம் வேறு.

பைப்பை நிறுத்திவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த போத்தலைத் திறந்து மடமடவென்று குடித்தார். கடையில் வாங்கின தண்ணீர்ப் போத்தல். வந்திறங்கிய அன்றே பெட்டி பெட்டியாக வாங்கி வைத்திருந்தார். பல்லுத் தீட்டுவதற்குக்கூட அதுதான். வயிறு ஒத்துக்கொள்ளாது என்றார். அதுவரைக்கும் அதை நான் கவனித்தும் கவனிக்காத மாதிரித்தான் இருந்தேன். அந்த இடத்தில் நின்றபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. அப்பாவின் கிணறு, அயலட்டை குடித்த கிணறு என்று எனக்கு வகுப்பு எடுத்த மனிதர் வந்த நாள் தொடங்கி அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு நாக்கில் வைக்கவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்கு இருந்தார்கள். மேசையின் ஒரு பக்கம் அண்ணை, மறுபக்கம் நாற்காலியில் இவர். நான் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளி, ஒரு கண்ணாடிக் கிளாஸ் நிறைய வார்த்துக்கொண்டு வந்து அண்ணையின் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இதென்ன?"

"அப்பாவின்ரை கிணத்துத் தண்ணி. நல்ல தண்ணி எண்டுதானே சொன்னனீங்கள். குடியுங்கோ."

அண்ணை என்னைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். கிளாஸை எடுத்தார். ஒரு மிடறு போனதும் தொண்டை நின்றது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். நின்ற தொண்டையைத் தள்ளி மற்ற மிடறுகளையும் விழுங்கினார். கண் இரண்டும் கலங்கிவிட்டன. வெறும் கிளாஸை மேசையில் வைத்தார்.

"நல்லாத்தானே இருக்குது" என்றார்.

அதுவரை அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். தூரத்தில் இருக்கிறவர், பழைய ஞாபகத்தில் கதைக்கிறார், ஒருக்கால் வாயில் வைத்தால் விளங்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். இப்போது வாயில் வைத்துக் குடித்தும்விட்டார். அந்த உப்பு அவருடைய நாக்குக்கும் உப்புத்தான். தெரிந்துகொண்டே சொல்கிறார். கிணறு சவர் என்று ஒத்துக்கொள்வதைவிட என் கணவர் அடைபட்டுக் கிடப்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

அப்போதுதான் இவர் வாயைத் திறந்தார். அண்ணை கட்டித் தந்த வீட்டில் இருக்கிறோம் என்ற கூச்சத்தில் இத்தனை வருடமும் அண்ணைக்கு முன்னால் ஓம், இல்லை என்பதற்கு மேலே கதைக்காத மனிதர். சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"மச்சானுக்கு... இன்னொண்டு... குடும்."

அண்ணை சோற்றைப் பிசைந்த கையை எடுக்காமல் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். போத்தல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை அவரால் தொட முடியவில்லை.

எனக்கு வாய் வந்தது.

"அண்ணை, வீடு உங்கடை காசிலை கட்டினது. அதை நான் எண்டைக்கும் மறக்கேல்லை. காணி என்ரை. நாளைக்கு மேசன் வாறார். முன்படியை மூடிச் சரிவு போடப் போறன். உங்களிட்டைக் கேக்கேல்லை, சொல்லுறன்."

"அப்பா இருந்திருந்தா நீ இப்பிடிக் கதைப்பியோ?"

"அப்பா இருந்திருந்தா இந்த வயசிலை அவரும் உந்தப் படியாலை ஏறியிருக்கமாட்டார்."

அண்ணை கை கழுவப் போய்விட்டார். சாப்பாடு பாதி அப்படியே கிடந்தது.

மேசன் வந்தார். பாதிப் படியை மூடினால் போதும், மற்றப் பாதி நடக்கிறவர்களுக்கு இருக்கட்டும் என்றார். எனக்குப் போதவில்லை. முழுவதையும் மூடச் சொன்னேன். கிரனைட்டைக் கொத்திச் சீமெந்து பிடிக்கிற மாதிரிச் சொரசொரப்பாக்கின சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. அண்ணை அறைக்குள்ளேயே இருந்தார், இல்லாவிட்டால் சந்நிதிக்குப் போய்விடுவார். சரிவு முற்றத்தின் நடு வரைக்கும் நீண்டு வந்தது. சீமெந்து இறுகுவதற்காக நான் காலையும் மாலையும் நனைத்தேன். அதற்கும் நல்ல தண்ணீர்தான் ஊற்றினேன், கானில் கொண்டுவந்து. ஸ்பிரிங்கையும் துடைத்துக் காயவைத்துக் கிறீஸ் அப்பிவிட்டேன். அண்ணை கண்டார், திரும்பி அறைக்குள் போய்விட்டார்.

சரிவு இறுகின பிறகு இவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பிள்ளை வலது கையைப் பிடித்து விரல்களை விரித்துப் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள். ஏன் அன்ரி வராமல் விட்டீங்கள் என்று கேட்டாள். நான் என்ன சொல்வது, கராஜ் கதவின் ஸ்பிரிங் அறுந்துவிட்டது என்றா? கால் இன்னும் கொஞ்சம் வரலாம், கைக்குத்தான் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றாள். இவர் கேட்டுக்கொண்டிருந்தார். பந்தைக் கொடுத்தாள். பந்து விழுந்து கட்டிலுக்குக் கீழே உருண்டு போனது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணை கேட்டார், "என்னவாம்?"

"காலம் பிந்திப்போச்சுதாம்" என்றேன். வேறு ஒரு சொல்லும் அவருக்குக் கொடுக்க எனக்கு மனம் இருக்கவில்லை.

திருவிழாவின் கடைசி நாள் தீர்த்தம் முடிந்து அண்ணை வெளிக்கிட்டார். கேற் வாசலில் வான் நின்றது. இரண்டு பெரிய சூட்கேசையும் விறாந்தைக்குக் கொண்டுவந்து, சரிவின் மேல் முனையில் நின்று ஒரு கணம் யோசித்தார். பிறகு ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு இறங்கினார். பாரமான பெட்டிகள்தான், ஆனால் ஒரு கரைச்சலும் இல்லாமல் போய்ச் சேர்ந்தன. சாரதி அவற்றை ஏற்றினான். அண்ணை பயணம் சொல்லத் திரும்பி மேலே வந்தார்.

"போட்டு வாறன் தங்கச்சி."

"ஓம் அண்ணை."

பிறகு இவர் பக்கம் திரும்பி, பழக்கத்தில், வலது கையை நீட்டினார். இவருடைய வலது கை மடியில் மூடிக் கிடந்தது. இவர் அதைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார். இடது கையை நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. அண்ணையின் கை அந்தரத்தில் நின்றது, அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. இவர் இடது கையால் சில்லைத் திருப்பி, இடது காலை ஊன்றி, அவரைத் தாண்டி மெல்ல மெல்லச் சரிவால் இறங்கி, வானையும் தாண்டித் தெருவுக்குப் போனார்.